அறுபது நாள் கணக்கு

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு முதல் வாரத்தில் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அது தானாக வடிந்துவிடுகிறது. இந்தப் பெரும்பான்மையே ஆபத்தாகவும் முடிகிறது. 14 நாள் கடந்தும் தங்கும் மஞ்சளை, காலை வெயில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடப்படும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது பிலியரி அட்ரீசியா. கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளங்கள் இறுகி மூடிக்கொள்ள, பித்தம் குடலுக்கு வராமல் மலம் வெளிறிப்போகிறது. இதைக் குணமாக்க மருந்து இல்லை. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ காசாய் 1950களில் உருவாக்கிய அறுவையில், மூடிய நாளங்களை நீக்கிவிட்டுச் சிறுகுடலின் ஒரு துண்டைக் கல்லீரலோடு நேராக இணைக்கிறார்கள். இதற்கு வழக்கமாக வைக்கப்படும் எல்லை 60 நாள். அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் கல்லீரல் தழும்பேறிக்கொண்டே போகும்.

தைவான் இந்த 60 நாளைப் பிடிக்க ஓர் அட்டையை நம்பியது. மலத்தின் நிறங்கள் வரிசையாக அச்சிடப்பட்ட அட்டை அது. குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தாயின் வேலை. 2002–2003 முன்னோட்டத்தில் 78,184 குழந்தைகளின் விவரம் திரும்பி வந்தது. நோய் இருந்த 29 பேரில் 26 பேரை, அதாவது 89.7 சதவீதத்தினரை, அட்டை 60 நாளுக்குள் காட்டிக்கொடுத்தது. அட்டை சந்தேகித்தவர்களில் உண்மையில் நோய் இருந்தவர்கள் 28.6 சதவீதம். அப்படியானால் மொத்தம் 91 பேர் சந்தேகத்துக்குள்ளானார்கள். அவர்களில் 65 பேருக்கு இந்த நோய் இல்லை. 78,184 பேரில் 65 என்பது 0.08 சதவீதம். ஒரு காகிதத் துண்டிடம் இதற்கு மேல் கேட்க முடியாது.

2004 முதல் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படும் நலக் கையேட்டில் இந்த அட்டை சேர்ந்தது. அந்த ஆண்டு 2,16,419 பிறப்புகளில் 40 பேருக்கும், 2005-ல் 2,05,854 பிறப்புகளில் 35 பேருக்கும் நோய் இருந்தது. இரண்டாண்டையும் சேர்த்தால் 5,630 பிறப்புக்கு ஒன்று. 60 நாளுக்குள் கண்டறிந்த விகிதம் 72.5 சதவீதத்திலிருந்து 97.1 சதவீதமாக உயர்ந்தது. தலைக்கணக்கில் 40-க்கு 29, 35-க்கு 34.

கண்டறிந்தவர்கள் எல்லோரும் 60 நாளுக்குள் அறுவை மேசைக்கு வந்துவிடவில்லை. 60 நாளுக்குள் காசாய் அறுவை நடந்தது முன்னோட்டத்தில் 17 பேருக்கு, 2004-ல் 24 பேருக்கு, 2005-ல் 26 பேருக்கு. மூன்றையும் கூட்டினால் நோயுற்றவர்கள் 104, அட்டை கண்டறிந்தவர்கள் 89, உரிய நாளுக்குள் அறுவை பெற்றவர்கள் 67. அட்டை தவறவிட்டது 15 பேரை. கண்டறிந்த பிறகும் நாள் தவறியவர்கள் குறைந்தது 22 பேர். சிலருக்கு அறுவை தள்ளிப்போக மருத்துவக் காரணமும் இருந்திருக்கலாம். ஆனாலும் 15-ஐ விட 22 பெரிது என்பதை நான் கடந்துபோக மாட்டேன். தாய் அட்டையைப் பார்த்துச் சொன்ன நாளுக்கும் அறுவை நாளுக்கும் நடுவே இருப்பவை பரிசோதனையும் பரிந்துரைக் கடிதமும் காத்திருப்பும்தான்.

பலன் எவ்வளவு? 1976–2000 காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 49.4 சதவீதத்தினருக்கு 60 நாளுக்குள் அறுவை நடந்தது. அட்டை வந்தபின் 65.7 சதவீதத்தினருக்கு. மாற்றுக் கல்லீரல் இல்லாமல், சொந்தக் கல்லீரலோடும் காமாலை இன்றியும் 5 ஆண்டு வாழ்ந்தவர்கள் 27.3 சதவீதத்திலிருந்து 64.3 சதவீதமானார்கள். மொத்த 5 ஆண்டு உயிர்வாழ்வு 55.7-லிருந்து 89.3 சதவீதமாயிற்று. கடைசி எண்ணை முழுக்க அட்டையின் கணக்கில் எழுத முடியாது; இடைப்பட்ட காலத்தில் கல்லீரல் மாற்று அறுவையும் வளர்ந்தது.

ஜப்பானின் தோச்சிகி மாநிலத்தில் அட்டை இன்னும் நீண்ட காலம் சோதிக்கப்பட்டது. 1994 முதல் 2011 வரை 3,13,230 குழந்தைகள், நோயுற்றவர்கள் 34 பேர், கண்டறிந்த விகிதம் 76.5 சதவீதம். அங்கே அறுவையின்போது சராசரி வயது 59.7 நாள். எல்லைக்கு உள்ளேதான், ஆனால் ஏழரை மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில்.

அமெரிக்காவின் டெக்சாஸில் நிறத்துக்குக் காத்திருக்காமல் இரத்தத்தைப் பார்த்தார்கள். பித்தம் வெளியேறாதபோது இரத்தத்தில் கூடும் நிறமியான நேரடி பிலிருபினைப் பிறந்த 60 மணி நேரத்துக்குள் ஒரு முறை அளந்து, அதிகமாக இருந்தவர்களுக்கு 2 வார வயதுக்குள் மறுபடி அளந்தார்கள். 1,24,385 குழந்தைகளில் இரண்டாம் சோதனையிலும் அளவு அதிகமாக இருந்தவர்கள் 119. நோய் இருந்தவர்கள் 7, ஒருவரையும் சோதனை தவறவிடவில்லை. இந்த நோய் இல்லாத 112 குழந்தைகளின் பெற்றோரும் கலங்க நேர்ந்தது என்பது இதன் விலை. அறுவையின் சராசரி வயது முன்பு 56 நாளாக இருந்தது, 36 நாளாகக் குறைந்தது. 7 பேரைக் கொண்டு பெரிய முடிவு சொல்வது தவறு; ஆனால் குறைந்த 20 நாள் என்பது 60 நாளில் மூன்றில் ஒரு பங்கு.