ஒரு குட்டி பல்பு கரண்ட்... உயிருக்கே வேட்டா?!

7 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு இழுக்கும் கரண்ட் எவ்வளவு தெரியுமா? கணக்குப்படி சுமார் 30 மில்லி ஆம்பியர்! மனித உடம்புக்கு அதுவே அதிகம்! உயிர் காக்கும் ட்ரிப்பரான ஆர்.சி.சி.பி.க்குச் சர்வதேசத் தரம் போட்டிருக்கும் கோடும் அதே 30 மில்லி ஆம்பியர்தான்!

"எங்க வீட்டில்தான் எம்.சி.பி. ட்ரிப்பர் இருக்கே!" என்கிறீர்களா? 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பது ஒயரை, உங்களை அல்ல! அந்த 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியரைப்போல 500 மடங்குக்கும் மேல்! அம்மாடியோவ்!

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது? போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கிறது! அந்த 30-ஐப்போல ஐந்து மடங்கு, அதாவது 150 மில்லி ஆம்பியர் குறைந்தால், 0.04 நொடிக்குள் 'டப்'! கண் இமைக்கக்கூட நேரமில்லை!

ஷாக் அடித்தால் கை ஏன் ஒட்டிக்கொள்கிறது? கரண்ட் இழுப்பதில்லை! விரலை மடக்கும் தசைகளுக்குப் பலம் அதிகம். கரண்ட் பாய்ந்ததும் கை தானாக இறுகிவிடுகிறது! சுமார் 10 மில்லி ஆம்பியரே போதும்!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆட்களைச் செம்புக் கம்பியைப் பிடிக்கவைத்துத்தான்! அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 134 ஆண்களையும் 28 பெண்களையும் சோதித்தார். கையை விட முடிந்த சராசரி எல்லை: ஆண்கள் 16, பெண்கள் 10.5 மில்லி ஆம்பியர்! (நமக்குப் படிக்கும்போதே கை கூசுகிறது!)

ஷாக் அடிக்குமா என்று மின்சாதனங்களைச் சோதிக்க ஒரு 'விரல்' உண்டு, தெரியுமா? 12 மில்லிமீட்டர் தடிமன், 80 மில்லிமீட்டர் நீளம்! நம் விரல் மாதிரியே மடங்கும்! ஓட்டை, இடுக்கு எல்லாவற்றிலும் அதை நுழைத்துத் துழாவுவார்கள். கரண்ட் உள்ள பாகத்தைத் தொட்டால்... சாதனம் ஃபெயில்!

செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்! சதுரத்துக்குள் சதுரம் தெரிகிறதா? இரட்டைக் காப்பு என்று அர்த்தம். எர்த்தே வேண்டாம்!

இ.சி.ஜி. மெஷினில் கட்டத்துக்குள் குட்டி இதயம் பார்த்ததுண்டா? நோயாளிமேல் படும் அதன் பாகம் இதயத்தையே நேரடியாகத் தொடலாம் என்ற அனுமதி அது! சாதாரண நிலையில் அதிலிருந்து கசியலாம் என்று தரம் அனுமதிக்கும் கரண்ட் எவ்வளவு? வெறும் 0.01 மில்லி ஆம்பியர்! கையை ஒட்டவைக்கும் கரண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு!