சீட்டின் ஓரத்தில் ஒரு கையெழுத்து

என் மகள் தோழியிடமிருந்து டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். "நம்ம ஊர் கிளி ஜோசியம் மாதிரியாம்மா?" என்று கேட்டேன். "கிளி மட்டும் இல்லப்பா" என்றாள். ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பெட்டியின் மேல் ரைடர், வெயிட் என்று இரண்டு பெயர்கள். ரைடர் பதிப்பகத்தார், ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டம் வகுத்துக் கொடுத்தவர். சரி, படம் போட்டவர் யார்?

விடை, 2018இல் ஸ்டூவர்ட் கப்ளானும் வேறு மூவரும் சேர்ந்து வெளியிட்ட, படங்கள் நிறைந்த வாழ்க்கை வரலாற்று நூலில் கிடைத்தது. அவர் பெயர் பமீலா கோல்மன் ஸ்மித். 1878இல் லண்டனில், அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வாழ்ந்தார். அங்கே கேட்ட அனன்சி என்னும் தந்திரச் சிலந்தியின் கதைகளை 1899இல் புத்தகமாக்கினார். நாடக நடிகை எலன் டெர்ரியின் குழுவோடு பழகியவர். 'பிக்ஸி' என்பது செல்லப் பெயர். இசையைக் கேட்டபடியே மனத்தில் தோன்றும் உருவங்களை வரைவாராம். 1907இல் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், அதுவரை புகைப்படங்களே தொங்கிய தம் கூடத்தில் இவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். சாதாரண விஷயமா அது!

டாரட் கட்டில் 78 சீட்டுகள். அதற்கு முன் வழக்கில் இருந்த பெரும்பாலான கட்டுகளில் 22 பெரிய சீட்டுகளுக்குத்தான் விரிவான சித்திரங்கள். எண் சீட்டுகள் நாற்பதிலும் நாம் ரம்மி ஆடும் சீட்டைப் போல வாள் ஐந்து, கிண்ணம் ஆறு என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பமீலா அந்த நாற்பதுக்கும் ஒவ்வொரு காட்சி வரைந்தார். காசு ஐந்து என்ற சீட்டைப் பாருங்கள். கொட்டும் பனியில், கிழிந்த உடையோடு ஒருத்தி. பின்னால் ஊன்றுகோலோடு ஒருவன். தலைக்கு மேலே ஒளி வீசும் தேவாலயச் சன்னல். இருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொருள் சொல்ல ஆள் வேண்டுமா என்ன?

1909இல், வேலை முடிந்ததும், ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பெரிய வேலை, கிடைத்த பணமோ மிகக் கொஞ்சம் என்று. கட்டு அந்த டிசம்பரில் வெளிவந்தது. பிற்காலத்தில் உலகமெங்கும் விற்றது. 1911இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவிய அவர், பின்னர் கார்ன்வால் கடற்கரையோரம் குடியேறினார். 1951இல் பியூட் என்ற ஊரில் கடனாளியாகவே இறந்தார். வீட்டுச் சாமான்களைக் கடனுக்காக விற்றார்கள். புதைத்த இடத்தில் பெயர்க்கல் கூடக் கிடையாது.

நூற்றாண்டை ஒட்டி 2009இல் வந்த பதிப்புக்கு ஸ்மித்-வெயிட் என்று பெயர் வைத்தார்கள். மகள் கொண்டு வந்தது பழைய பெயரில் உள்ள கட்டு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். பாம்பு போல் வளைந்து பின்னிய மூன்று எழுத்துகள், தம் பெயரின் முதலெழுத்துகளை, படத்தின் ஓரத்திலேயே அவர் போட்டு வைத்திருக்கிறார்.