காலனியப் போர் கவிழ்த்த சொந்த ஆட்சி

பிற நாடுகளை அடக்கி ஆளும் அரசு, தன் மக்களை மட்டும் சுதந்திரமாக வாழ விடுமா? போர்த்துகலின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அந்நாடு, 1961இல் அங்கோலா, 1963இல் கினி-பிசாவ், 1964இல் மொசாம்பிக் என ஆப்பிரிக்காவில் மூன்று விடுதலைப் போர்களைச் சந்தித்தது. சர்வாதிகாரி சலாசாரும், 1968இல் பதவிக்கு வந்த கயெட்டானோவும் காலனிகளை விட்டுக்கொடுக்க மறுத்தனர். அரசு வருமானத்தில் பெரும் பங்கு இராணுவத்துக்கே போனது. எதிர்த்துப் பேசியவர்களை இரகசியப் போலீஸ் சிறையில் அடைத்தது. வறுமைக்கும் கட்டாய இராணுவச் சேவைக்கும் அஞ்சி லட்சக்கணக்கானோர் பிரான்சு போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

இறுதியில், வெல்ல முடியாத போரில் சலிப்படைந்த இராணுவ அதிகாரிகளே 25.4.1974 அன்று ஆட்சியைக் கவிழ்த்தனர். மக்கள் வீரர்களின் துப்பாக்கிகளில் கார்னேஷன் மலர்களைச் செருகி மகிழ்ந்தனர். 1975இல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன. அதே ஆண்டில் போர்த்துகல் மக்களும், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சுதந்திரமாக வாக்களித்தனர். ஆப்பிரிக்கர்களின் போராட்டம், அவர்களை ஆண்ட நாட்டு மக்களின் விலங்கையும் உடைத்தது.