மொழிச் சிறுபான்மையினர் ஆணையரும் தாய்மொழிக் கல்வி உரிமையும்

1. முன்னுரை

ஒரு நாட்டில் மனித உரிமைகளைக் காக்க ஏற்படுத்தப்படும் ஆணையங்கள் பலவகைப்பட்டன. சமயம், சாதி, பாலினம், இனம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு எழும் வேற்றுமைகளை அவை ஆராய்கின்றன. மொழியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு மக்களின் உரிமையைக் கண்காணிக்கும் பணி இந்தியாவில் மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு உரியது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறும் ஐம்பதுக்கு மேற்பட்ட அறிக்கைகளும் கொண்ட இவ்வமைப்பைப் பற்றிச் சட்டத்துறையினர் ஓரளவு எழுதியுள்ளனர். ஆயினும் ஆணையரின் பணியில் எழும் அடிப்படை வினாக்கள் பலவும் மொழியியல் சார்ந்தவை. எது மொழி, எது கிளைமொழி, யாருடைய தாய்மொழி எது, அதை முடிவு செய்பவர் யார் என்பன அவ்வினாக்கள். இவ்வமைப்பு தோன்றிய சூழலையும், அது செயற்படும் முறையையும், அதன் எல்லைகளையும் இந்நோக்கில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தோற்றம்

மாநிலங்களை மொழிவழியாகத் திருத்தியமைப்பது குறித்து ஆராய 1953ஆம் ஆண்டு பசல் அலி தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். 1955இல் அளிக்கப்பட்ட அவ்வாணையத்தின் அறிக்கை ஓர் உண்மையைத் தெளிவாக உணர்ந்திருந்தது. எல்லைகளை எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும் ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு மொழி பேசுவோர் இருந்தே தீருவர் என்பதே அது. மொழி பரவியிருக்கும் பரப்பும் ஆட்சி எல்லையும் முற்றிலும் பொருந்துவதில்லை. எல்லைப்புறங்களில் இரு மொழிகள் கலந்து வழங்குகின்றன. நகரங்களில் பல மொழிகள் அருகருகே வாழ்கின்றன. சில மொழிகளுக்குத் தமக்கெனத் தொடர்ச்சியான நிலப்பரப்பே இல்லை.

1956 நவம்பர் முதல் நாள் புதிய மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. முந்தைய நாள் வரை பெரும்பான்மையினராக இருந்த சிலர் அன்று முதல் சிறுபான்மையினராயினர். இந்நிலையை முன்னுணர்ந்தே அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது திருத்தத்தின் வழியாக 350அ, 350ஆ என்னும் இரு உறுப்புகள் சேர்க்கப்பட்டன. முன்னது, மொழிச் சிறுபான்மைக் குழுக்களைச் சேர்ந்த குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழி வழியே பயில்வதற்குப் போதிய வசதிகள் செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. பின்னது, மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் அமர்த்த வேண்டும் என்கிறது. இத்தனி அலுவலரே நடைமுறையில் ஆணையர் எனப்படுகிறார்.

அலுவலகம் 1957இல் செயற்படத் தொடங்கியது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. மாலிக் முதல் ஆணையராவார். நெடுங்காலம் அலகாபாத்தில் இயங்கிய தலைமையகம் பின்னர் டெல்லிக்கு மாற்றப்பட்டது. சென்னை, கல்கத்தா, பெல்காம் ஆகிய நகரங்களில் மண்டல அலுவலகங்கள் ஏற்பட்டன. பெல்காம் இடம்பெற்றது கருதத்தக்கது. கன்னடம், மராத்தி ஆகிய இரு மொழிகளின் எல்லையில் அமைந்த அவ்வூர், மொழிவழி எல்லைகள் தீர்க்காமல் விட்ட சிக்கல்களுக்கு ஓர் அடையாளமாகவே விளங்கி வருகிறது.

3. காப்புகளும் அவற்றின் அளவுகோல்களும்

ஆணையர் புதிய உரிமை எதனையும் வழங்குவதில்லை. முன்னரே வழங்கப்பட்டுள்ள காப்புகள் நடைமுறையில் உள்ளனவா என்று ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அளிப்பதே அவர் கடமை. அவ்வறிக்கை நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் வைக்கப்பட்டு, மாநில அரசுகளுக்கும் அனுப்பப்படுகிறது.

காப்புகள் இருவகையின. முதல் வகை அரசமைப்புச் சட்டத்தில் உள்ளவை. தனித்த மொழி, எழுத்து, பண்பாடு ஆகியவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமை (உறுப்பு 29), கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமை (உறுப்பு 30), குறைகளைக் களையுமாறு ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையிடும் உரிமை (உறுப்பு 350) ஆகியன இவ்வகையில் அடங்கும். இரண்டாம் வகை, 1949ஆம் ஆண்டின் மாகாணக் கல்வியமைச்சர்கள் மாநாடு, 1956ஆம் ஆண்டின் மைய அரசு அறிவிப்புரை, 1961ஆம் ஆண்டின் முதலமைச்சர்கள் மாநாடு ஆகியவற்றின் வழியாக உருவான இசைவுகள். ஆணையரின் அன்றாடப் பணி பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

இவ்விசைவுகள் எண்களால் ஆனவை. ஒரு வகுப்பில் 10 மாணவர், அல்லது பள்ளி முழுவதிலும் 40 மாணவர் ஒரு சிறுபான்மை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால் தொடக்க நிலையில் அம்மொழி வழியே கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும். இடைநிலைக் கல்விக்கு 15, 60 என்னும் எண்கள் வகுக்கப்பட்டன. ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் ஒரு சிறுபான்மை மொழியைப் பேசினால் முதன்மையான விதிகளும் அறிவிப்புகளும் அம்மொழியில் வெளியிடப்பட வேண்டும். ஒரு மாவட்டத்தில் 60 விழுக்காட்டினர் மாநில ஆட்சிமொழியல்லாத மொழியைப் பேசினால், அம்மொழி அம்மாவட்டத்தில் கூடுதல் ஆட்சிமொழியாகலாம். மாநில அரசுப் பணியில் சேரும்போதே மாநில மொழியறிவு கட்டாயமாக்கப்படாமல், தகுதிகாண் பருவம் முடியுமுன் தேர்வு நடத்தப்பட வேண்டும் என்பதும் இவற்றுள் ஒன்று.

எண்களை அடிப்படையாகக் கொள்வதில் ஒரு நன்மை உண்டு. அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு அங்கு இடமில்லை. ஆனால் குறைபாடும் உண்டு. ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் 7 தெலுங்குக் குழந்தைகளும், அரை மைல் தொலைவில் உள்ள மற்றொரு பள்ளியில் 6 குழந்தைகளும் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே நோக்கினால் எந்தப் பள்ளிக்கும் தெலுங்கு ஆசிரியர் கிடைக்கமாட்டார். எனவேதான் கல்வியாண்டு தொடங்குமுன்னரே பெற்றோரின் மொழி விருப்பத்தைப் பதிவேட்டில் பதிந்து, எண்ணிக்கை குறைந்த பள்ளிகளின் மாணவரை ஒரு பள்ளியில் ஒருங்கே சேர்க்கும் முறை வகுக்கப்பட்டது. பதிவேடு வைக்கப்படாத இடத்தில் இம்முறை பயனற்றுப் போகிறது. ஆசிரியர் இல்லாமையால் பெற்றோர் விருப்பம் தெரிவிப்பதில்லை; விருப்பம் தெரிவிக்கப்படாமையால் ஆசிரியர் அமர்த்தப்படுவதில்லை. இவ்வட்டத்தை உடைப்பது ஒரு சிறிய பதிவேடு என்பது வியப்புக்குரியதாயினும் உண்மையாகும்.

4. பெயரிடுதலும் எண்ணுதலும்

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுவது என்று முடிவு செய்யவேண்டும். இங்குதான் மொழியியலின் பங்கு தொடங்குகிறது. 1961ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 2011ஆம் ஆண்டில் மக்கள் தெரிவித்த தாய்மொழிப் பெயர்கள் 19,569. இவை ஆராயப்பட்டு வகைப்படுத்தப்பட்டபின், பத்தாயிரத்துக்குக் குறையாதோர் பேசும் மொழிகளாக 121 வெளியிடப்பட்டன. இவற்றுள் எட்டாவது அட்டவணையில் உள்ளவை 22, ஏனையவை 99.

இவ்வகைப்பாட்டில் பல தாய்மொழிகள் ஒரு மொழிப்பெயரின் கீழ்த் தொகுக்கப்படுகின்றன. நீலகிரியில் வழங்கும் படகம் கன்னடத்தின் கீழும், இருளர் மொழி தமிழின் கீழும், மதுரை முதலிய ஊர்களில் வழங்கும் சௌராட்டிரம் குசராத்தியின் கீழும், போசபுரி இந்தியின் கீழும் அடங்குகின்றன. கமில் சுவலபில் இருளர் மொழியைத் தனியொரு தென்திராவிட மொழியாக ஆராய்ந்தார். படகத்தையும் தனிமொழியாகக் கொள்ளும் ஆய்வாளர் உளர். சௌராட்டிரம் பல நூற்றாண்டுகளாகத் திராவிட மொழிச் சூழலில் வழங்கி, ஒலியமைப்பிலும் தொடரமைப்பிலும் வேறுபட்டு நிற்கும் இந்தோ ஆரிய மொழி. அதற்குத் தனி எழுத்தும் உண்டு.

தொகுத்தல் புள்ளிவிவரத்துக்கு வசதியானது. ஆனால் உரிமை என்னும் நிலையில் அதன் விளைவு வேறு. இருளர் குழந்தை தமிழ்க் குழந்தையாகக் கணக்கிடப்பட்டால், தமிழ்நாட்டில் அக்குழந்தை மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்ததாகாது. சௌராட்டிரக் குழந்தைக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவது என்றால் குசராத்திப் பாடநூலை அளிப்பது என்று பொருள்படுமானால், அந்நூல் அக்குழந்தைக்கு அயல்நூலே. பெயரிடும் முறையில் நேரும் சிறு வேறுபாடு ஒரு குழந்தையின் முதல் வகுப்பைத் தீர்மானிக்கிறது.

எழுத்தும் ஒரு சிக்கல். சந்தாலி மொழி ஓல் சிக்கி, தேவநாகரி, வங்கம், ஒடியா, உரோமன் எனப் பல எழுத்துகளில் எழுதப்படுகிறது. ஆகவே ஒரு மாநிலத்தில் ஆக்கப்பட்ட பாடநூலை மற்றொரு மாநிலம் அப்படியே பயன்படுத்த இயல்வதில்லை. சட்ட நோக்கில் எழுத்து தடையன்று. தனித்த பேச்சுமொழி இருந்தாற் போதும். தனி எழுத்து இருக்கவேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 1971ஆம் ஆண்டு டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் தெளிவுபடுத்தியது. பேச்சே மொழி, எழுத்து அதன் குறியீடு என்னும் மொழியியல் அடிப்படையோடு இத்தீர்ப்பு ஒத்துச் செல்கிறது.

5. சிறுபான்மை, தாய்மொழி: இரு வரையறைகள்

அரசமைப்புச் சட்டம் ‘சிறுபான்மை’ என்பதற்கோ ‘தாய்மொழி’ என்பதற்கோ வரையறை தரவில்லை. முதலாவதை 2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட ஆயம் ஆராய்ந்தது. மாநிலங்கள் மொழிவழி அமைந்தமையால் சிறுபான்மையை மாநில அளவிலேயே கணிக்கவேண்டும் என அது முடிவு செய்தது. இதன்படித் தமிழர் கேரளத்தில் சிறுபான்மையினர்; மலையாளிகள் தமிழ்நாட்டில் சிறுபான்மையினர். உரிமை கோருவோரும் உரிமை வழங்குவோரும் எல்லை கடந்தவுடன் இடம் மாறுகின்றனர். இவ்வுண்மை மறக்கப்படும் பொழுதே பூசல் தோன்றுகிறது.

தாய்மொழி பற்றிய வினா 2014இல் கர்நாடகப் பயிற்றுமொழி வழக்கில் எழுந்தது. குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ காப்பாளரோதாம் முடிவு செய்வர் என்று அரசமைப்பு ஆயம் கூறியது. மொழியியலாளர் தாய்மொழியை முதலில் கற்ற மொழி, நன்கு அறிந்த மொழி, மிகுதியாகப் பயன்படுத்தும் மொழி, தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளும் மொழி எனப் பலவாறு வரையறுப்பர். இருமொழிச் சூழலில் இந்நான்கும் ஒன்றாக இருக்கவேண்டுவதில்லை. நீதிமன்றத்தின் முடிவு நான்காவதற்கு நெருங்கியது. அது குடும்பத்தின் உரிமையைக் காக்கிறது. ஆயினும் குழந்தை உண்மையில் எம்மொழியைப் புரிந்துகொள்கிறது என்னும் கல்வியியல் வினா அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

சிறுபான்மை மொழிக்கும் மாநில மொழிக்கும் இடையே உள்ள உறவும் கருதத்தக்கது. மகாராட்டிரத்தில் சிறுபான்மைப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியதை 2004ஆம் ஆண்டு உஷா மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின் விளைவாகச் சிறுபான்மை மொழி மாணவர் விலக்குக் கோரி நீதிமன்றத்தை நாடினர். மாநில மொழியைக் கற்பது வாழ்வுக்கும் வேலைக்கும் தேவை. தாய்மொழியைக் கற்பது அறிவு வளர்ச்சிக்கும் தன்மதிப்புக்கும் தேவை. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்கும்படி பாடத்திட்டம் அமையும்போதே முரண் எழுகிறது. இரண்டும் அருகருகே அமையுமாயின் முரணுக்கு இடமில்லை.

6. ஆணையரின் எல்லைகள்

ஆணையர் மாநிலங்களுக்கு வினாநிரல் அனுப்பி விவரம் பெறுகிறார், நேரில் சென்று காண்கிறார், முறையீடுகளை ஆராய்கிறார், பரிந்துரை செய்கிறார். பரிந்துரையைச் செயற்படுத்துமாறு ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும், உறுப்பு 338இன் கீழ் அமைந்த பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் அவற்றால் இயலும். உறுப்பு 350ஆ இத்தகைய அதிகாரம் எதனையும் வழங்கவில்லை. எனவே ஒரு மாநிலம் வினாநிரலுக்கு விடை அனுப்பவில்லையெனில், அதை அறிக்கையில் குறிப்பிடுவதற்கு மேல் ஆணையர் செய்யக்கூடியது குறைவு.

1992ஆம் ஆண்டின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின்கீழ்ச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டவை சமய அடிப்படையிலான சமூகங்களே. ஆகவே மொழிச் சிறுபான்மையினர் தம் குறையைச் சொல்லத் தேசிய அளவில் தமக்கென அமைந்த வாயில் இவ்வாணையர் அலுவலகமே.

அதிகாரம் குறைவாயினும் அறிக்கைகள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. எந்த மாநிலம் எந்த மொழிக்கு எத்தனை பள்ளிகள் வைத்திருந்தது, எத்தனை ஆசிரியர் இருந்தனர் என்பதற்கு அவை தொடர்ச்சியான சான்றுகளாகின்றன. மொழி மாற்றத்தையும் மொழி இழப்பையும் ஆராய்வோர்க்கு இவை பயன்தரும் மூலங்கள்.

7. முடிவுரை

செயற்படுத்த மனமிருந்தால் வழியுண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வகை செய்துள்ளது. ஒடிசா அரசு 2006இல் சவரா, குயி, குவி, கோயா, ஜுவாங் முதலிய பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி, பின்னர் வேறு மொழிகளுக்கும் விரிவுபடுத்தியது. அகராதியும் இலக்கண விளக்கமும் பாடநூலும் ஆக்குவதற்கு அம்மொழியினரும் மொழியியலாளரும் ஒருங்கே உழைக்க வேண்டும்; அரசாணை மட்டும் போதாது.

ஆணையருக்கு ஆவணம் கோரும் அதிகாரம் வழங்குதல், 10:40 அளவைச் சிறிய மொழிகளுக்குத் தளர்த்துதல், பதிவேட்டு முறையைக் கட்டாயமாக்குதல், கணக்கெடுப்பில் தொகுக்கப்பட்ட தாய்மொழிகளைக் கல்வி நோக்கில் மறு ஆய்வு செய்தல் ஆகியவை உடனடித் தேவைகள். இவற்றுள் இறுதியானது மொழியியலாளரின் நேரடிப் பொறுப்பு. மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே அவர்கள் இடும் கோடு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. ஐந்து வயதுக் குழந்தை பள்ளியில் முதல் நாள் கேட்கும் சொல் அதற்குப் புரியுமா புரியாதா என்பது வரை அக்கோடு நீள்கிறது.