தகதிமி பாடிய ஜாஸ்

லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-ல் 'ஹீபி ஜீபீஸ்' பாட்டைப் பதிவு செய்தபோது நடுவில் வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் ஓசைகளாகப் பாடித் தள்ளினார். ஜாஸ் ரசிகர்கள் அந்தப் பாணியை 'ஸ்காட்' என்று கொண்டாடினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே, காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளில், மன்னார்குடி பக்கிரியா பிள்ளை வாயாலேயே தாளம் கொட்டிக்கொண்டிருந்தார். முன்னது உலகம் சுற்றியது. கொன்னக்கோலோ சொந்த மேடையிலேயே ஓரங்கட்டப்பட்டது.

இரண்டையும் சேர்த்துவைத்தவர்களில் முக்கியமானவர்கள் பெங்களூர்க்காரர்கள். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், பெயருக்கேற்ப தாளம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. அதே பெயரில் கச்சேரிக் குழுவும் உருவானது. ஆனால் அந்தத் தாளக் குழுவுக்கு அடையாளமாகிவிட்டது ஒரு குரல்: மணியின் மனைவி ஆர்.ஏ. ரமாமணி.

ஜெர்மானியக் குழுவான டிஸிடென்டனின் 'ஜெர்மானிஸ்தான்' (1982) ஆல்பத்தில் இவர்கள் பங்குண்டு. ஆனால் பேர் வாங்கித் தந்தது சார்லி மரியானோவின் கூட்டணிதான். பாஸ்டனில் பிறந்த இந்த சாக்ஸஃபோன் கலைஞர், மலேசியாவில் நாகஸ்வரம் கேட்டு மயங்கி, அதைக் கற்க இந்தியாவுக்கே வந்தவர்.

ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்கில் 1983-ல் பதிவான 'ஜ்யோதி'யில் பியானோ, கிட்டார், டிரம்ஸ் எதுவும் கிடையாது. ரமாமணியின் குரலும் தம்புராவும், மணியின் மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபாலின் கடம், டி.என். சசிகுமாரின் கஞ்சிரா, மரியானோவின் சாக்ஸும் புல்லாங்குழலும். அவ்வளவுதான். ராஜகோபாலும் சசிகுமாரும் கொன்னக்கோலும் சொன்னார்கள்.

பியானோ இல்லாதது சிக்கனம் அல்ல. மேலை நாட்டு ஹார்மனி குழுக்களில் நாலு பேர் நாலு ஸ்வரம் பாடினால் ஒரு 'கார்டு'. அது மாறிக்கொண்டே இருப்பதுதான் ஜாஸின் ருசி. ராகத்துக்கோ கீழே ஸட்ஜம் அசையாமல் நிற்க வேண்டும். மேலே ஸ்வரம் கமகத்தில் அசைய வேண்டும். அசைகிற ஸ்வரத்துக்கு எந்தக் கார்டைப் பொருத்துவது? 'ஜ்யோதி' இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை, சாமர்த்தியமாகத் தவிர்த்தது. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கிட்டாரை வைத்துவிட்டு 'ஃப்யூஷன்' என்றவர்களைவிட இது நேர்மையான வழி. லூயி பேங்க்ஸின் பியானோவோடும் ரமாமணி பாடினார். அங்கே கார்டுகளிடமிருந்து தப்பிக்க முடியாது.

சாகித்யம் இல்லாமல் ஸ்வரமும் ஜதியுமாகப் பாடும்போது மொழி குறுக்கே நிற்பதில்லை. ஆனால் ஸ்காட்டும் கொன்னக்கோலும் ஒன்றல்ல. ஸ்காட்டில் தடம் மாறினால் அது புதுக் கற்பனை. தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு என்று எண்ணி, தீர்மானம் வைத்துச் சமத்துக்கு வரவேண்டிய கொன்னக்கோலில் தடம் மாறினால் தவறுதான்.

மரியானோ 2009-லும் மணி 2020-லும் காலமானார்கள். ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் கர்நாடகத் தாளக் கணக்கு பாடமாகவே ஏறிவிட்டது. சென்னை டிசம்பர் சீசனிலோ கொன்னக்கோலுக்கென்று தனியாக ஒரு மைக் கிடைப்பது இன்னும் அபூர்வம்.