எந்த நாளில் எடுத்த ரத்தம்?

மருத்துவ நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்ன கையோடு, "எல்லாத்தையும் மெஷினே பாத்துச் சொல்லிடுதே, நாங்க அங்க போய் என்ன படிக்கப் போறோம்?" என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான், கண்ணு. ஒரு டம்ளர் டீக்குள் முடிகிற பதில் இல்லை. இன்னொன்றும் போடச் சொல்லியிருக்கிறேன். நிதானமாகக் கேள்.

மெஷின் தனக்குள் வைத்ததைத்தான் பார்க்கும். வைத்தது எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, எவ்வளவு நேரம் மேஜையில் கிடந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உன் படிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. சிறுநீர் கல்ச்சரை எடுத்துக்கொள். ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமிக்கு மேல் இருந்தால் தொற்று என்று பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறோம். காலை எட்டு மணிக்கு வார்டில் பிடித்த சிறுநீர், ஆள் வந்து எடுத்துப்போகும் வரை ஜன்னலோரம் நிற்கிறது என்று வை. அதில் தோலிலிருந்து கலந்த கிருமி மில்லிக்கு நூறுதான். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலே மதியம் ஒரு மணிக்கு அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நோயே இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்படும். இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டில் போடு, முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வை என்ற விதிக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

நிமோனியாவுக்குச் சளி கேட்டாலும் இதே பாடுதான். டப்பாவில் வருவது பல நேரம் வெறும் எச்சில். கல்ச்சர் போடும் முன் ஒரு ஸ்மியர் எடுத்துச் சின்ன லென்ஸில் பார்த்தால், கன்னத்து உள்தோலின் தட்டையான பெரிய செல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது நுரையீரலிலிருந்து வந்ததல்ல. திருப்பி அனுப்பி, ஆழமாக இருமி எடுத்த வேறு சளி கேட்க வேண்டும். வார்டில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இப்போது நம் ஊர்க் காய்ச்சலுக்கு வருவோம். இரண்டு நாள் காய்ச்சல் என்று போகிறவர் மூன்றாம் நாள் கையில் வைடால் ரிப்போர்ட்டோடு வருகிறார்: டைபாய்டு. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. பாரிஸில் வைடால் என்ற மருத்துவர் இந்தச் சோதனையை வெளியிட்டது 1896-ல். நோயாளியின் சீரத்தை டைபாய்டு கிருமியோடு கலந்தால் கிருமிகள் ஒட்டித் திரளும். அந்தத் திரள்தான் சோதனை. அது காட்டுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடியை. அந்த ஆன்டிபாடி சோதனையில் தெரியும் அளவுக்கு ஏற, பொதுவாக ஒரு வாரமாவது ஆகும். இரண்டாம் நாளில் பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் அது எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாகவோ, தடுப்பூசியின் விளைவாகவோ, வேறொரு கிருமியின் சாயலாகவோ இருக்கும். ஒரு வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் அங்கே விசேஷம் என்று தெரியும். விசேஷம் இன்றைக்கா, போன வாரமா என்பது மரம் எந்த அளவுக்கு வாடியிருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். அந்த வாட்டத்தைப் பார்க்கும் வழி, ஏழிலிருந்து பத்து நாள் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுவது. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. இரண்டாவது ரத்தம் கொடுக்க இங்கே யாரும் வருவதில்லை.

அப்படியானால் டைபாய்டுக்கு எதை நம்புவது? முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் கிருமி மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாது. இரண்டு மில்லி எடுத்துப் பாட்டிலில் விட்டால் கிருமியே அதில் ஏறாமல் போகலாம். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி என்று கேட்பது அதனால்தான். மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே எடுக்க வேண்டும் என்பதும் அதனால்தான். இவ்வளவு செய்தும் பாதிப் பேரிடம் வளராமல் போவதுண்டு. நெகட்டிவ் என்ற சொல்லுக்கு நோய் இல்லை என்று பொருளல்ல என்பதை இந்தப் பாட்டில்கள் உனக்கு நன்றாகவே கற்றுத்தரும்.

டெங்குவுக்கும் நாள் கணக்குதான். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளில் வைரஸின் என்.எஸ்.1 புரதத்தைத் தேடலாம். ஐஜிஎம் ஆன்டிபாடியை நம்ப வேண்டுமானால் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான். ஆனால் ரெக்விசிஷன் படிவத்தில் 'காய்ச்சல் எத்தனை நாள்' என்ற கட்டம் காலியாகவே வரும். நீ அதைக் கேட்டு நிரப்பப் பழகிக்கொள்.

அடுத்தது, யாருக்குச் சோதனை செய்கிறோம் என்பது. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதே. நோயாளிகளில் 95 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிற, நோயில்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிற ஒரு கிட் இருக்கிறது என்று வை. நோய் நூற்றில் ஒருவருக்கு மட்டும் இருக்கிற ஊரில் 10,000 பேருக்கு அதைப் போடுகிறோம். நோயாளிகள் 100 பேர். அவர்களில் 95 பேர் பாசிட்டிவ். மீதி 9,900 பேருக்கு நோயில்லை. ஆனால் அவர்களில் 495 பேருக்கும் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 590 பேரில் உண்மையான நோயாளிகள் 95 பேர்தான், ஆறில் ஒன்றுகூட இல்லை. அதே கிட்டைப் பாதிப் பேருக்கு நோய் இருக்கும் காய்ச்சல் வார்டில் 10,000 பேருக்குப் போட்டால் பாசிட்டிவ் 5,000, அதில் உண்மை 4,750. கிட் மாறவில்லை, டெக்னீஷியன் மாறவில்லை. வந்து நின்ற மக்கள் மாறினார்கள். இதைத் தாளில் நீயே ஒருமுறை போட்டுப் பார். வேறு எண்களை வைத்தும் போட்டுப் பார்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. 1986. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி நிர்மலா செல்லப்பன். ஆய்வேட்டுக்காக எய்ட்ஸ் வைரஸைத் தேடிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். இந்தியாவில் அந்த நோய் கிடையாது என்று பலரும் நம்பிய காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து, சீரத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, எலைசா செய்ய சென்னையில் வசதி இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். ஆறு சாம்பிள்கள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். அங்கேதான் படிப்பு வேலை செய்தது. யாருக்குமே இல்லை என்று எண்ணப்படும் நோய்க்கு ஒரு கிட் பாசிட்டிவ் காட்டினால், அது பொய்யாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாம் இப்போது போட்ட கணக்குதான். மறுபடி சோதித்தார்கள், பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு அறிந்தது ஒரு மாணவியின் ஆய்வேட்டிலிருந்து. இன்றும் அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று சொல்லும் முன், வெவ்வேறு வகையான மூன்று சோதனைகள் ஒத்துப்போக வேண்டும் என்பது அரசு விதி. ஒரு தாள் ஒரு குடும்பத்தையே புரட்டிப்போடும் இடத்தில் அவ்வளவு கவனம் வேண்டும்தானே?

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. தேடாததைக் கண்டுபிடிப்பது. மழைக்காலம் முடிந்த நேரம். வயலில் வேலை செய்கிற, சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல். காசநோய் என்று மருந்து தொடங்கிவிட்டார்கள். ரத்தக் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆகி உன் மேஜைக்கு வருகிறது. கிராம் ஸ்டெயின் போடுகிறாய்: ஊதா, அயோடின், ஆல்கஹால், சாஃப்ரானின். ஆல்கஹாலை நொடி எண்ணி நிறுத்த வேண்டும். அதிகம் ஓடினால் ஊதாவாக நிற்க வேண்டிய கிருமியும் சிவப்பாகத் தெரியும். ஆயில் லென்ஸில் சிவப்புக் குச்சிகள், இரண்டு முனையும் அழுத்தமாக, நடு வெளிறி, ஊக்கு போல. பிளேட்டில் வளர்ந்ததைப் பார்த்து 'சூடோமோனாஸ்தான், வெளியிலிருந்து கலந்திருக்கும்' என்று தூக்கிப்போடுவது சுலபம். ஆனால் பிளேட்டில் வைத்த ஆன்டிபயாடிக் டிஸ்க்குகளைப் பார்: ஜென்டாமைசினுக்கு அசையவில்லை, கொலிஸ்டினுக்கும் அசையவில்லை, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். சூடோமோனாஸ் ஏருஜினோசா வழக்கமாக இதற்கு நேர்மாறாக இருக்கும். இது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமாலியையாக இருக்கலாம். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ்.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது இரண்டு. திறந்த மேஜையில் பிளேட்டை முகர்ந்து பார்க்காமல் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் கொண்டுபோ. இந்தக் கிருமி ஆய்வகத்தில் இருப்பவர்களையும் தொற்றும். அடுத்து, டைப் அடித்த ரிப்போர்ட் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்காமல் வார்டுக்குப் போன் போடு. சர்க்கரை உண்டா, வயல் வேலையா, காசநோய் மருந்தில் காய்ச்சல் இறங்கியதா என்று கேள். காசநோய் மாத்திரைகள் இதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி பத்து நாளுக்கு மேல் போட்டு, அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஊசி ஆரம்பிக்கிறார்களோ, அந்த மனிதர் பிழைக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். உன் முதல் செமஸ்டரில் இந்தப் பகுதி வராது. அதுவரை காத்திருக்காமல், ரத்தக் கல்ச்சர் பெஞ்சில் காலை நேரங்களில் நிற்க அனுமதி கேள். மூத்த டெக்னீஷியன்கள் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இரு.