இல்லாத புத்தகத்தைத் தேடாதீர்கள்!

பல்கலைக்கழக நூலக ஊழியர்களுக்கு செயற்கை நுண்ணறிவு பற்றிச் சொல்லித்தரப் போயிருந்தேன். "வீராம்பட்டினத்து மாணவர் ஒருவர், ஊருக்குப் பக்கத்து அரிக்கமேடு பற்றிப் பத்துப் புத்தகம் கேட்டார் தம்பி. நாலு புத்தகம் எங்கேயுமே இல்லை. எங்களுக்குத் தேடத் தெரியவில்லை என்று கோபம் வேறு!" என்றார் ஓர் அம்மா. பட்டியலைக் கொடுத்தது சாட்ஜிபிடி.

2022 நவம்பரில் வெளியான இந்த மென்பொருள் நூலகக் கேட்லாக்கைப் பார்த்து எழுதுவதில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்தே எழுதுகிறது. வீலர் 1945-இல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார்; அறிக்கை 1946-இல் 'ஏன்ஷியண்ட் இந்தியா' 2-ஆம் இதழில் வந்தது. இவை நிஜம். அதே வீலர் பெயரில் எழுதப்படாத புத்தகத்தையும் அது கூசாமல் சொல்லிவிடும். இப்போது இணையத்தில் தேடியும் பதில் தருகிறது. அப்போதும் லிங்க்கைத் திறந்து பாருங்கள். புத்தகம் என்றால், நூலகத்துக்குக் கிளம்பும் முன் தலைப்பை வேர்ல்ட்கேட் தளத்தில் டைப் செய்து பாருங்கள்.